நாய் முடி கொட்டுவதை நிறுத்த முடியாது, கொட்டுகிற இடத்தை மாற்றலாம்

லேப்ரடார் குட்டி வாங்கலாம் என்று இருக்கிறோம், முடி கொட்டுமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். கொட்டும். தினமும் கொட்டும், வருஷம் முழுக்கக் கொட்டும், நடுவில் சில மாதங்கள் "ஐயோ, இதுக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று பயப்படுகிற அளவுக்குக் கொட்டும். எண்ணெய், மாத்திரை, ஷாம்பு என்று யார் எதை விற்றாலும், ஆரோக்கியமான நாயின் முடி உதிர்வை அடியோடு நிறுத்தும் பொருள் கிடையாது. ஆனால் அந்த முடி எங்கே விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாம் முடிவு செய்யலாம். சோபாவிலா, சோற்றிலா, இல்லை கொல்லையில் வைத்த பழைய பக்கெட்டிலா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் பிழைப்பு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு, முன் அறையில் தையல் மெஷின், வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பூரி எங்கள் நாய், கிரீம் கலர் லேப்ரடார் பெட்டை. தம்பி ஆசைப்பட்டு வாங்கி வந்தான். அப்புறம் பெங்களூரில் வேலை கிடைத்தது, அங்கே ஹாஸ்டலில் நாயை எங்கே வைப்பது, பூரி எனக்கு வந்துவிட்டாள். கறுப்பு வெல்வெட் பிளவுஸில் வெள்ளை முடி ஒன்று குத்திக்கொண்டு நின்றால் வாசலில் இருந்தே தெரியும். வாங்க வந்தவர் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த பிளவுஸ் வேறு டெய்லரிடம் போகும். திட்டிவிட்டுப் போகிறவர்கூடத் திரும்பி வருவார், பேசாமல் போகிறவர் வர மாட்டார்.

முடி ஏன் கொட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். லேப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே கொஞ்சம் சொரசொரப்பான, நீளமான முடி, தண்ணீரை உள்ளே விடாது. அதற்கு அடியில் இலவம்பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு அடுக்கு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வம்சம் இது, அந்தக் குளிருக்கு அந்தப் பஞ்சு தேவைப்பட்டது. பங்குனி வெயிலில் பாறை சுட்டு, ராத்திரி வரைக்கும் மலையடிவாரம் அனல் வீசுகிற கிருஷ்ணகிரிக்கு அது எதற்கு என்று பூரியைக் கேட்டால் அவளுக்கு மட்டும் என்ன தெரியும். ஒவ்வொரு முடியும் வளரும், வளர்ச்சி நிற்கும், கொஞ்ச காலம் சும்மா இருக்கும், அப்புறம் புது முடி முளைக்கும்போது பழையது விழும். மனிதத் தலையில் பெரும்பாலான முடி எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கும். லேப்ரடார் மாதிரி நாய்களில் பெரும்பங்கு முடி சும்மா இருக்கிற நிலையில், விழுவதற்கு வரிசையில் நிற்கும். பூடில் நாய்க்கு இதற்கு நேர்மாறு, முடி வளர்ந்துகொண்டே போகும், வீட்டில் அதிகம் உதிராது, ஆனால் மாதா மாதம் வெட்டிவிட வேண்டும். செலவு எங்கேயாவது ஒரு பக்கம் வந்தே தீரும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால் வருஷத்துக்கு இரண்டு முறை, குளிர் முடியும்போதும் குளிர் தொடங்கும்போதும் கொட்டும் என்று இருக்கும். இதை முக்கியமாக நடத்துவது பகல் வெளிச்சத்தின் நீளம். நியூஃபவுண்ட்லாந்தில் குளிர்காலப் பகல் 8 மணி நேரச் சொச்சம், கோடைப் பகல் 16 மணி நேரத்தை நெருங்கும். கிருஷ்ணகிரியில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதுவும் பூரி டியூப்லைட் வெளிச்சத்தில் நான் பட்டன் கட்டி முடிக்கிற வரைக்கும் காலடியில் படுத்திருப்பவள். அவள் உடம்புக்குப் பருவம் மாறியதே சரியாகத் தெரியாது, அதனால் வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மாசி கடைசியில் வெயில் ஏறும்போது அதிகமாகும், மழை ஓய்ந்து பனி இறங்கும்போது இன்னொரு தடவை அதிகமாகும், இது எங்கள் வீட்டில் நான் பார்த்தது. பெட்டை நாய் என்றால் பருவத்துக்கு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு முறை தனியாகக் கொட்டும், குட்டி போட்டாலும் அப்படித்தான், ஹார்மோன் ஏறி இறங்குகிற வேலை அது. கருத்தடை செய்த பிறகு பூரிக்கு அந்தக் கணக்கு போய்விட்டது, மற்றது இருக்கிறது.

சரி, பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை மட்டும் விடக் கூடாது. தளர்ந்து, விழத் தயாராக இருக்கும் முடியை அது தானாக விழுவதற்கு முன்பே எடுத்துவிடுவது. சீப்பில் வந்த முடி சேலையில் வராது, அவ்வளவுதான் தத்துவம்.

கடையில் போய் நாய் பிரஷ் என்று கேட்டால் பத்து விதம் காட்டுவார்கள். லேப்ரடாருக்கு நான் வைத்திருப்பது இரண்டுதான். ஒன்று ரப்பர் பிரஷ், உள்ளங்கையில் மாட்டிக்கொள்வது, அடியில் விரல்விரலாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். 200 ரூபாய் போட்டாலே நல்லது கிடைக்கிறது. இதை நாய்க்குப் பிடிக்கும், உடம்பு பிடித்து விடுகிற சுகம், பூரி அப்படியே சரிந்து படுத்துவிடுவாள். இரண்டாவது, கம்பிப் பற்கள் நீளமாக, இடைவெளி விட்டு, நுனி மழுங்கி இருக்கும் ஒரு வாரிச் சீப்பு. அடிப்பஞ்சை இழுத்து வெளியே கொண்டுவர இதுதான் சரி. பிளேடு வைத்த மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், ஒரே இழுப்பில் கைநிறைய முடி வரும், பார்க்கப் பெரிய வெற்றியாகத் தெரியும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்திப் பலமுறை இழுத்தால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும், தோலும் சிவந்துபோகும். வைத்திருப்பவர்கள் அதிகமாகக் கொட்டும் மாதங்களில் மட்டும், வாரத்தில் ஒரு நாள், லேசான கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு (நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்) ரப்பர் பிரஷ் போதாது, வளைந்த நுண்கம்பி பிரஷும் எஃகுச் சீப்பும் வேண்டும், காதுக்குப் பின்னாலும் பின்தொடையிலும் சிக்கு விழும்.

செய்கிற முறை. முதலில் ரப்பர் பிரஷை வட்ட வட்டமாக, முடி வளரும் திசைக்கு எதிராகவும் கொஞ்சம் தேய்க்க வேண்டும், உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது கிளம்பி மேலே வரும். அப்புறம் கம்பிச் சீப்பால் கழுத்தில் இருந்து வால் பக்கமாக, நீள இழுப்பாக இல்லாமல் சின்னச் சின்ன இழுப்பாக. ஒரு கையால் தோலை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் வலிக்காது. பூரிக்கு முதுகைவிடப் பின்தொடையிலும் வால் அடியிலும்தான் பஞ்சு அதிகம். அதிகமாகக் கொட்டும் நாட்களில் தொடையில் சின்னச் சின்னக் குஞ்சமாக வெளிறிய முடி துருத்திக்கொண்டு நிற்கும், இரண்டு விரலால் பிடித்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிடும், அவளுக்கு நாம் தொட்டதே தெரியாது. பிடித்து இழுத்து நாய் திரும்பிப் பார்த்தால் அது இன்னும் விழத் தயாராகாத முடி, விட்டுவிட வேண்டும். வயிறு, அக்குள் பக்கம் தோல் மெல்லியது, அங்கே கம்பி வேண்டாம், ரப்பர் போதும். எடுத்ததை எடுத்ததும் பக்கெட்டில் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கெட்டில் இருந்தே பறந்து வீட்டுக்குள் வரும்.

சாதாரண நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து நிமிஷம். கொட்டும் மாதத்தில் தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாக வாரிவிடலாம் என்றால் நடக்காது, நாய்க்கும் பொறுமை போய்விடும், நமக்கும் இடுப்பு போய்விடும், புதன்கிழமைக்குள் வீடு பழைய நிலைக்கு வந்துவிடும்.

எங்கே உட்கார்ந்து செய்வது என்பதும் முக்கியம், குறிப்பாக வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில். போன வருஷம் தம்பி லீவுக்கு வந்தபோது, பூரியைப் பார்த்த சந்தோஷத்தில் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உற்சாகமாக வாரியிருக்கிறான். மாசி மாசம். பக்கத்து மாடியில் ஆயா புளி காயப் போட்டிருந்தது. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு புளிதான், ஓடு தட்டிக் கொட்டை எடுத்துப் பாயில் பரப்பி வைத்திருப்பார்கள். காற்று அந்தப் பக்கம் திரும்பியது. பிசுபிசுப்பான புளியில் நாய் முடி ஒட்டினால் எடுக்கவே முடியாது, ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும். ஆயா மாடிச் சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஏன்டா தம்பி, நாய் வளக்கிறது நீங்க, ரசத்துல மயிர் திங்கிறது நாங்களா?" என்று கேட்டது. தம்பி இறங்கி ஓடி வந்துவிட்டான். சாயந்திரம் முழுக்க ஆயாவோடு உட்கார்ந்து புளியில் முடி பொறுக்கியது நான்தான். அதனால் சொல்கிறேன், மாடி வேண்டாம், ஆடி மாதத்தில் சத்தியமாக வேண்டாம். கொல்லையில் சுவர் மறைவில், காற்று அசையாத காலை நேரத்தில், கீழே ஈரச் சாக்கு ஒன்றை விரித்து அதன் மேல் நாயை நிறுத்தி வாருங்கள். ஈரச் சாக்கு விழும் முடியைப் பிடித்துக்கொள்ளும், முடிந்ததும் உருட்டி எடுத்து உதறினால் வேலை முடிந்தது.

பிரஷ் போடுவதில் இன்னொரு லாபம், விரல் தோலை எட்டுவதால் உண்ணி இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் அடியில் பாருங்கள். நம் ஊர் நாய் உண்ணி வீட்டுச் சுவர் விரிசலிலேயே குடும்பம் நடத்தும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டால் பிரயோஜனம் இல்லை. இந்த உண்ணி பரப்பும் காய்ச்சல் உயிரையே எடுக்கும். சாப்பிடாமல் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்கோ தனியார் கிளினிக்குக்கோ போய்விட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நாய் நக்கிக்கொண்டால் உள்ளேயும் போகும். தயவுசெய்து வேண்டாம்.

குளியல். அடிக்கடி குளிப்பாட்டினால் முடி கொட்டுவது குறையும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, வாரா வாரம் சோப்புப் போட்டால் தோல் வறண்டு அதுவே அரிப்புக்கும் பொடுகுக்கும் வழி. லேப்ரடாருக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் போதும், சேற்றில் புரண்டால் அது தனிக் கதை. மனிதர்களின் ஷாம்பு, சோப்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை, மேல்தோலும் நம்மைவிட மெல்லியது. நாய் ஷாம்பு என்று எழுதியிருப்பதை வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். குளியலுக்கு முன் ஒரு முறை வாரிவிட்டால் பாதி முடி சாக்கடைக்குப் போகாது, குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டு பிளம்பரைக் கூப்பிட வேண்டிய வேலையும் வராது. குளித்துக் காய்ந்த பிறகு ஒரு முறை வாருங்கள், அப்போது வருவதுதான் மலைக்க வைக்கும், வெந்நீரில் தளர்ந்ததெல்லாம் அப்படியே கழன்று வரும்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு கூடுதல் தொல்லை போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் அதிகம், நுரை சரியாக வராது, வந்த நுரையும் தோலில் படிந்து நின்றுவிடும். கடைசி இரண்டு பக்கெட்டுக்கு குடிப்பதற்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், "குடிக்கிற தண்ணிய நாய்க்கு ஊத்துறியேம்மா" என்று முணுமுணுப்பார். தண்ணீர் வராத வாரம் என்றால் நானும் ஊற்றுவதில்லை, போர் தண்ணீரிலேயே இன்னும் நன்றாக அலசிவிடுவேன். ஷாம்பு தோலில் தங்கக் கூடாது என்பதுதான் விஷயம். அலசியதும் துண்டால் ஒற்றி எடுத்து அடிப்பஞ்சு வரைக்கும் காய வைக்க வேண்டும், மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் மழைக்காலத்தில் நாற்றமும் புண்ணும் வரும். ஐப்பசி அடைமழையில் நான் குளிப்பாட்டுவதே இல்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிரஷ் போடுவதோடு சரி.

சாப்பாட்டில் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் நாய்க்கு ராகிக் களிதான் வழக்கம். ராகியைக் குறை சொல்ல மாட்டேன், நானே தின்று வளர்ந்தவள். ஆனால் முடி என்பது பெரும்பாலும் புரதம், ராகியில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவில்தான் புரதம் இருக்கிறது. களியும் ரசமும் மட்டுமே தின்னும் நாயின் முடி மங்கிப்போய், உடைந்து, தேவைக்கு மேல் கொட்டும். தானியம் மட்டுமே தின்கிற நாய்களுக்குத் துத்தநாகச் சத்து உடம்பில் சேராமல் கண், வாய் ஓரத்தில் தோல் தடித்துச் செதில் விடுவதும் உண்டு. களியைக் குறைத்து, வேகவைத்த முட்டை, கோழிக்கறி, மீன் சேர்த்தால் வித்தியாசம் தெரியும், அதுவும் ஒன்றரை இரண்டு மாதம் பொறுத்துத்தான். முட்டையைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம், பச்சை வெள்ளைக்கரு பயோட்டினை உடம்பில் சேரவிடாது. மீனில் எங்கள் ஊர் கே.ஆர்.பி. டேமில் பிடிக்கும் ஜிலேபி மீனைவிடக் கடலில் இருந்து வரும் மத்தி மீனில்தான் தோலுக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு அதிகம். முள் நீக்கி, மசாலா இல்லாமல், உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். நாம் சாப்பிட்ட மிச்சக் குழம்பு கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். அப்புறம் மாம்பழ சீசனில் கொட்டையை நாய்க்குப் போடாதீர்கள். முடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான்.

எவ்வளவு வாரினாலும் வீட்டுக்குள் கொஞ்சம் விழத்தான் செய்யும். எங்கள் ஹாலில் கறுப்பு கிரானைட். கல் குவாரி ஊரில் கிரானைட் போடாமல் வேறு என்ன போடுவது, ஆனால் கிரீம் கலர் நாய்க்கு இதைவிடப் பொருந்தாத தரை இல்லை. பூந்துடைப்பத்தால் பெருக்கினால் முடி முன்னால் ஓடும், எழும்பும், பின்னால் வந்து உட்காரும். ஃபேனை நிறுத்தாமல் பெருக்குவது சுத்த வீண். நான் இப்போது பெருக்குவதே குறைவு, லேசாக நனைத்துப் பிழிந்த மாப்பைத் தரையில் ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போய் மூலையில் சேர்த்து அள்ளிவிடுவேன். சோபா, கார் சீட்டுக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. மாட்டிக்கொண்டு, லேசாக ஈரம் தொட்டு, ஒரு பக்கமாக இழுத்தால் முடி உருண்டு திரண்டு வரும், வாக்குவம் கிளீனரால் வராததும் வரும். பூரி படுக்கும் இடத்தில் பழைய காட்டன் சேலையை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். அதை வாஷிங் மெஷினில் போடும் முன் காய்ந்த நிலையில் வெளியே நன்றாக உதற வேண்டும், நனைந்த முடி துணியில் பின்னிக்கொள்ளும், டிரம்மில் ஒட்டும், அடுத்து போடும் யூனிஃபார்ம் எல்லாவற்றிலும் ஏறும். மெஷினின் பஞ்சு பிடிக்கும் வலையை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள். நாய்த்துணியைக் கடைசி லோடாகப் போட்டு, அப்புறம் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று விட்டுவிட்டால் நல்லது.

தையல் அறைக்குள் பூரிக்கு இப்போது அனுமதி இல்லை, வாசல்படியில் ஒரு மரத்தடுப்பு, அதற்கு வெளியே மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். ஆனாலும் என் பாவாடையில் ஏறி முடி உள்ளே வந்துவிடும், அதனால் உட்காரும் முன் ஒரு காட்டன் ஏப்ரன் மாட்டிக்கொள்கிறேன். துணியிலும் வித்தியாசம் இருக்கிறது. ஜார்ஜெட், பாலியஸ்டர் கிரேப் எல்லாம் வெயில் காலத்தில் நிலைமின்சாரம் ஏறி முடியைத் தானே கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். காட்டனுக்கு டேப் உருளை போதும். பட்டில் டேப் வேண்டாம், ஜரிகை பிரியும், ஈரத்துணியும் வேண்டாம், கறை விழும், மிருதுவான துணி பிரஷால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். வெல்வெட்டில் அதன் படிமானத் திசையில் மட்டும் பிரஷ் ஓட்ட வேண்டும். மெஷினில் ஊசித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் நூல் பஞ்சும் நாய் முடியும் சேர்ந்து கம்பளமாக அழுந்திக் கிடக்கும், தையல் விட்டு விட்டு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். வாரம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டுவிடுகிறேன். தைத்து முடித்த பிளவுஸ் உடனே பிளாஸ்டிக் கவருக்குள் போய்விடும், ஹேங்கரில் வெளியே தொங்குவது இல்லை.

இதுவரை சொன்னது நல்ல ஆரோக்கியமான நாய்க்கு. எது இயல்பான உதிர்வு, எது நோய் என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி, முடி போன இடத்தில் தோல் தெரிகிறதா என்று பாருங்கள். உடம்பு முழுக்கச் சீராக மெலிந்து, தோல் தெரியாமல், அரிப்பும் இல்லாமல் கொட்டினால் அது பருவ உதிர்வு. திட்டுத் திட்டாக வழுக்கை, சிவப்பு, செதில், நாற்றம், இடைவிடாத சொறிதல், இதில் ஏதாவது இருந்தால் பிரஷை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வட்டமாக முடி போய் ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும். காது ஓரம், முழங்கை பக்கம் ஆரம்பித்து ராத்திரி பகல் தெரியாமல் சொறிந்தால் சொறிப்பூச்சி, அதுவும் மனிதர்களைக் கடிக்கும். குட்டி நாய்களின் முகத்தில் கண்ணைச் சுற்றி முடி போவது பெரும்பாலும் வேறொரு பூச்சி, அது நமக்கு ஒட்டாது. நடுவயதில் நாய் சாப்பிடுவது அதே அளவுதான், ஆனால் எடை ஏறுகிறது, சோம்பிப் படுக்கிறது, இரண்டு பக்க விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலிகிறது, வால் எலி வாலாகிறது என்றால் தைராய்டு குறைவைச் சந்தேகிப்பார்கள், ரத்தப் பரிசோதனையில் தெரியும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சின்ன வேலைதான். அதைச் செய்யாமல் மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டிருப்பதால் நோய் மறைந்து நின்று பெரிதாகும்.

அம்மா ஒவ்வொரு சித்திரைக்கும் சொல்லும் யோசனை ஒன்று இருக்கிறது. "பேசாம கூட்டிட்டுப் போய் மொட்டை அடிச்சுடு, அதுக்கும் குளுகுளுன்னு இருக்கும், நமக்கும் தொல்லை விடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்க்கு மொட்டை கூடாது. நாய் நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்த்துச் சூடு தணிப்பது இல்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்கும், வியர்வை பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம். மேல்முடி வெயிலைத் தோலில் நேராக விழவிடாமல் தடுக்கிறது, அதை எடுத்தால் தோல் வெந்துபோகும். வழித்த முடி சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முளைக்காமலே நிற்கும், முளைத்தாலும் திட்டுத் திட்டாக, பஞ்சு முதலில் வந்து மேல்முடி பின்தங்கிவிடும். அதோடு மொட்டை அடித்தாலும் கொட்டுவது நிற்காது, நீள முடிக்குப் பதில் குட்டை முடி கொட்டும், அது துணியில் ஊசியாகக் குத்திக்கொண்டு வெளியே வரவே வராது. டெய்லர் சொல்கிறேன், நம்புங்கள். பஞ்சை வாரி எடுத்துவிட்டு மேல்முடியை விட்டு வைத்தாலே காற்று உள்ளே போகும், நிழலும் தண்ணீரும் கொடுத்தால் சித்திரையைத் தாண்டிவிடலாம்.

வாரி எடுத்த முடியை எரிக்காதீர்கள், நாற்றம் தெருவையே கூட்டும். நான் தென்னை மரத்துக் குழியில் இலைச் சருகோடு புதைத்துவிடுகிறேன், மெதுவாக மக்கும். மரத்தில் தொங்கவிட்டால் குருவி கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் என்று சிலர் செய்கிறார்கள். உண்ணி மருந்து போட்ட நாயின் முடியாக இருந்தால் அதைச் செய்யக் கூடாது, மருந்து முடியில் தங்கியிருக்கும், குஞ்சுகளுக்கு ஆகாது.

கடைசியாக, வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது. வீட்டில் யாருக்காவது இழுப்போ தும்மலோ இருந்தால், அலர்ஜி முடியால் வருவதாக நினைத்து முடி கொட்டாத இனம் எது என்று தேட வேண்டாம். அலர்ஜியைக் கிளப்புவது நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம், முடி அதைச் சுமந்துகொண்டு திரிகிற வண்டி மட்டும்தான். எந்த இனமும் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. நாட்டு நாய்க்கு அடிப்பஞ்சு குறைவு, முடி சின்னது, பெருக்குகிற வேலை குறையும், அலர்ஜிக்கு அது பதில் ஆகாது. காவேரிப்பட்டினத்தில் இருந்து பிளவுஸ் தைக்க வரும் அக்கா ஒருவர் பையன் லேப்ரடார் கேட்டு அடம்பிடிக்கிறான் என்றார். முதலில் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து பூரியோடு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், ஒரு முறை போதாது, சில முறை வந்து போங்கள், ராத்திரி மூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்று சொன்னேன். வந்தார்கள். பையன் பூரியைக் கட்டிக்கொண்டு உருண்டான், ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் கண் சிவந்து மூக்கு ஒழுக ஆரம்பித்தது, மூன்று முறையும். இப்போது அவர்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது, பையன் சனிக்கிழமை சனிக்கிழமை பூரிக்குப் பிரஷ் போட எங்கள் வீட்டுக்கு வருகிறான், ஈரச் சாக்கை விரிப்பதில் இருந்து பக்கெட் கழுவுவது வரைக்கும் அவன்தான்.